நான்கு கதவுப் பிளிமத்

(டெட்ராய்ட் புறநகர் நூலக அரங்கு ஒன்றில், தமிழ் நண்பர்கள் கூடிய ஆகஸ்ட் மாலையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



என் கையில் இருக்கும் இந்தத் தகரத்தைக் கொஞ்சம் பாருங்கள். ஒரு முழத்துக்குச் சற்றுக் கூடுதலான நீளம். தட்டையான குழாய். இடைவெளி விட்டு விட்டுத் துளைகள். ஒரு பாதி துருப்பிடித்துச் சல்லடையாகிவிட்டது. இதை எஞ்சினுக்குள்ளிருந்து வெளியே கொண்டுவர எனக்கு மூன்று சனி ஞாயிறு பிடித்தது. நான்கு துண்டாகத்தான் வந்தது. நீங்கள் பார்ப்பதற்காக அந்தத் துண்டுகளை அட்டையில் வரிசையாக வைத்துக் கம்பியால் கட்டிக் கொண்டுவந்திருக்கிறேன்.

1950-ஆம் ஆண்டு பிளிமத் ஸ்பெஷல் டீலக்ஸ், நான்கு கதவு செடான். அதன் எஞ்சினில் தண்ணீரைப் பிரித்துக் கொடுக்கும் குழாய் இது. வாட்டர் பம்ப் தள்ளும் தண்ணீர் நேரே இதற்குள் போய், துளைகள் வழியாக எக்ஸாஸ்ட் வால்வுகளின் பக்கத்தில் பீய்ச்சும். எஞ்சினிலேயே அதிகம் சூடாகிற இடம் அதுதான். குழாய் உளுத்துப்போனால் பம்புக்குப் பக்கத்தில் இருக்கும் சிலிண்டர்கள் தண்ணீரை வாங்கிக்கொள்ளும்; கடைசியில் இருக்கும் ஐந்தாவதும் ஆறாவதும் வெந்துகொண்டிருக்கும். ரேடியேட்டரை இறக்கி, பம்பைக் கழற்றினால் ஒழிய இந்தக் குழாய் கண்ணில் படாது. ஆகவே ஒருவரும் அதைத் தொடுவதில்லை. வண்டிக்குப் பளபளவென்று பெயிண்ட் அடிப்பார்கள், பம்பருக்குக் குரோமியம் ஏற்றுவார்கள், சீட்டுக்குப் புதுத் துணி போடுவார்கள். முதல் கோடையில் ஆறாவது சிலிண்டரில் வால்வு கருகும்.

இன்று நான் பேச வந்தது இந்தக் குழாயிலிருந்து கிளம்புவதுதான். பழைய வண்டியை வாங்கி மீட்கிற நாங்கள், பணத்தையும் உழைப்பையும் பெரும்பாலும் கண்ணில் படும் இடத்திலேயே கொட்டுகிறோம். கண்ணில் படாத இடங்களை முழுக்கப் புதிதாக்க வேண்டும், கண்ணில் படுவதை முடிந்தவரை அப்படியே விட வேண்டும் என்பது என் கட்சி. பதினோரு வருடமாக இந்த ஒரே வண்டியோடு இருந்து வந்த முடிவு அது.

ஏன் செடான் என்று எல்லோரும் கேட்கிறார்கள். பழைய கார் சேகரிப்பவர்களிடம் முதல் மரியாதை மேற்கூரை மடங்கும் கன்வர்டிபிளுக்கு. அடுத்தது இரண்டு கதவு கூப்பே. நான்கு கதவு செடானுக்குக் கடைசி இடம். கன்வர்டிபிள் ஒன்றுக்கு மட்கார்டு வேண்டும், கண்ணாடி வேண்டும் என்றால், அதே வருடத்துச் செடானைத் தேடிப் பிடித்து அறுப்பார்கள். அப்படி அறுபடும் வண்டிக்குப் பெயரே 'பார்ட்ஸ் கார்'. இத்தனைக்கும் தொழிற்சாலையிலிருந்து அதிகமாக வெளியே வந்தவை செடான்கள்தாம். பிள்ளை பெற்ற தாயை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கூட்டி வந்ததும், ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்குப் போனதும், ஷிப்டு முடிந்த தொழிலாளியை வீட்டில் சேர்த்ததும் செடான்கள். அவை நிறைய இருந்ததாலேயே ஒருவரும் காப்பாற்றவில்லை. நம் வீடுகளில் பட்டுப் புடவையைப் பெட்டியில் வைத்துவிட்டு, அன்றாடம் கட்டிய சுங்கடியைக் கிழித்துக் கரித்துணி ஆக்கினோமே, அதே கதைதான்.

பிளிமத்தின் பிறப்பை இந்த ஊர்க்காரர்களுக்கு நான் விரிவாகச் சொல்ல வேண்டியதில்லை. வால்டர் கிரைஸ்லர் 1928-இல், போர்டுக்கும் செவ்ரோலேவுக்கும் எதிராக, சம்பளக்காரர் வாங்கக்கூடிய விலையில் இறக்கிய பெயர் அது. முதல் வண்டியிலேயே நான்கு சக்கரத்துக்கும் ஹைட்ராலிக் பிரேக். போர்டு வண்டிகளுக்கு அந்த பிரேக் வந்தது 1939 மாடலில். மலிவு விலை வண்டி வாங்குகிறவனின் உயிரும் உயிர்தான் என்று ஒரு கம்பெனி நினைத்ததற்கு அது சாட்சி என்று நான் எடுத்துக்கொள்கிறேன். பானெட்டின் நுனியில் நிற்கும் பாய்மரக் கப்பலைப் பார்த்திருப்பீர்கள். 1620-இல் இங்கிலாந்திலிருந்து புறப்பட்டு மாசச்சூசெட்ஸ் கரையில் பிளிமத் குடியேற்றத்துக்கு ஆள் கொண்டுவந்த மேபிளவர் கப்பல் அது.

என் வண்டி உருவான காலத்தில் கிரைஸ்லர் கம்பெனியின் தலைவராக இருந்தவர் கே. டி. கெல்லர். தொப்பி போட்ட ஆள் தொப்பியைக் கழற்றாமல் உள்ளே உட்கார வேண்டும் என்பது அவருடைய பிடிவாதம். மற்ற கம்பெனிகள் வண்டியைத் தாழ்த்தி, நீட்டி, அழகு பார்த்துக்கொண்டிருந்தபோது கிரைஸ்லர் வண்டிகள் உயரமாக, பெட்டி போல நின்றன. விற்பனையில் அதற்கு விலை கொடுத்தார்கள். ஆனால் சீட் நாற்காலி உயரத்தில் இருக்கிறது. எழுபது வயதான என் அக்கா சென்னையிலிருந்து வந்தபோது, எங்கள் வீட்டில் நிற்கும் புது வண்டியில் குனிந்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஏறினார். பிளிமத்தில் புடவைக் கொசுவம் கலையாமல் ஏறி உட்கார்ந்தார். கெல்லரின் மேல் எனக்கு மதிப்பு வந்தது அன்றைக்கு.

1950-இன் தொடக்கத்தில், ஓய்வூதியம் கேட்டு, கிரைஸ்லர் தொழிலாளர்கள் நூறு நாளுக்கு மேல் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஜனவரிக் கடைசியில் நின்ற ஆலைகள் மே மாதம்தான் திறந்தன. என் வண்டியின் வரிசை எண்ணை வைத்துப் பார்த்தால் அது டெட்ராய்ட் ஆலையில் கூட்டப்பட்டது. எந்த மாதம் என்று எனக்கு அத்தாட்சி இல்லை. கதவுத் தூணில் அந்த எண் தகட்டைத் துடைக்கும்போதெல்லாம், வேலைநிறுத்தம் முடிந்து திரும்பி வந்தவர்களின் கை பட்டதா, அதற்கு முன்பா என்று யோசிப்பேன்.

இனி வாங்கிய கதை. அதற்கு முன்னால் ஒரு முறை ஏமாந்திருக்கிறேன். வேறொரு கம்பெனியின் 1953 செடான். மாலை வெளிச்சத்தில் பார்த்தேன், பெயிண்ட் மின்னியது, பணத்தைக் கொடுத்துவிட்டேன். கீழ்ப்பலகை முழுக்கப் பட்டி. ஒரு விரல் கனத்துக்குப் பட்டி பூசி, தேய்த்து, நிறம் அடித்திருந்தார்கள். உள்ளே இரும்பே இல்லை. அதிலிருந்து சட்டைப் பையில் ஒரு சின்னக் காந்தம் வைத்திருக்கிறேன். மெல்லிய துணியில் சுற்றி, வண்டியின் கீழ் விளிம்பு நெடுகத் தடவிக்கொண்டே போக வேண்டும். இழுக்காத இடத்தில் பட்டி இருக்கிறது. ஒரே ஒரு விலக்கு: அந்தக் காலத்தில் தொழிற்சாலையிலேயே கூரைத் தகடும் பக்கத் தகடும் சேரும் இணைப்பில் ஈயம் உருக்கி நிரப்புவார்கள். அங்கேயும் காந்தம் ஒட்டாது. அதைப் பட்டி என்று நினைத்து நல்ல வண்டியை வேண்டாம் என்று விட்டவர்களை எனக்குத் தெரியும்.

பிளிமத் கிடைத்தது வடமேற்கு ஓஹையோவில், ஒரு பண்ணைக் கொட்டகையில். வைக்கோல் அள்ளும் இயந்திரத்துக்குப் பின்னால், நான்கு டயரும் தரையோடு தரையாக உட்கார்ந்து, கண்ணாடியில் புறா எச்சம் வழிய நின்றது. கடைசி நம்பர் பிளேட் 1971. புதிதாக வாங்கிய குடும்பமே வைத்திருந்தது. காந்தம் முன் மட்கார்டின் அடியிலும், டிக்கியில் ஸ்டெப்னிக்குக் கீழேயும் மட்டும் ஏமாற்றியது. மற்ற எல்லா இடத்திலும் ஒட்டியது. எஞ்சின் பிளாக்கின் இடது முன்பக்கம் டைனமோவுக்கு மேலே ஒரு சின்னத் திட்டில் எண் குத்தியிருப்பார்கள். துடைத்துப் பார்த்தேன், 'பி 20' என்று தொடங்கியது. 1950 பிளிமத்துக்குரிய முன்னெழுத்து அதுதான். வேறு எழுத்து இருந்தால் நடுவில் எஞ்சின் மாற்றிவிட்டார்கள் என்று பொருள். கதவுத் தூணின் எண்ணும் வண்டிப் பத்திரத்தின் எண்ணும் ஒன்றா என்று எழுத்து எழுத்தாக ஒப்பிட்டேன். பழைய நாளில் சில மாநிலங்களில் எஞ்சின் எண்ணை வைத்தே பத்திரம் எழுதினார்கள். அது பொருந்தாவிட்டால் பதிவு அலுவலகப் படிக்கட்டு தேயும் வரை நடக்க வேண்டும். 4,200 டாலர் கொடுத்தேன். வண்டியை லாரியில் ஏற்றும்போது அந்த வீட்டுப் பெரியவர் பின் கதவில் கை வைத்துக்கொண்டு, "இதில்தான் நான் பள்ளிக்கூடம் போனேன்" என்றார். வேறொன்றும் பேசவில்லை.

நாற்பது வருடத்துக்கு மேல் ஓடாத எஞ்சினைச் சாவி திருப்பி ஓட்டப் பார்ப்பது பெரும் பிழை. ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, அசிட்டோனும் ஆட்டோமேட்டிக் கியர் ஆயிலும் பாதிக்குப் பாதி கலந்து ஒவ்வொரு சிலிண்டரிலும் ஊற்றிவிட்டு, பத்து நாள் தொடாமல் இருந்தேன். பிறகு முன்பக்கப் புல்லி நட்டில் நீளமான கைப்பிடி மாட்டி, கையால் மெல்ல அழுத்தினேன். பதினோராம் நாள் ஒரு நூல் அகலம் நகர்ந்தது. பிளாட்ஹெட் என்ற இந்த வகை எஞ்சினில் வால்வுகள் சிலிண்டருக்குப் பக்கத்திலேயே, பிளாக்குக்குள் நிற்கும். தலை வெறும் மூடி. அந்த மூடியைத் திறந்தால் ஆறு பிஸ்டனும் பன்னிரண்டு வால்வும் ஒரே பார்வையில் தெரியும். மூன்று வால்வு இறுகிப்போயிருந்தன. ஆயில் விட்டு, மரச்சுத்தியலால் தட்டித் தட்டியே அசைத்தேன். ஈயமில்லாத பெட்ரோல் இந்தப் பழைய எஞ்சின்களைக் கெடுத்துவிடும் என்று பலர் பயமுறுத்துவார்கள். கிரைஸ்லர் இந்த எஞ்சின்களில் எக்ஸாஸ்ட் வால்வு உட்காரும் இடத்தில் கடினமான தனி வளையம் பதித்தே விற்றது. ஆகவே அந்தப் பயம் எனக்கு இல்லை.

அதன் பிறகுதான் இந்தக் குழாய். பம்பைக் கழற்றியதும் வாய் தெரிந்தது. கொக்கிக் கம்பியை விட்டு இழுத்தால் நுனி மட்டும் பிய்ந்து வந்தது. சூடாக்கி, ஆயில் விட்டு, மறுபடி இழுத்து, ஒவ்வொரு துண்டாக. குழாய்க்குப் பின்னால் எஞ்சின் வயிற்றில் படிந்திருந்த சேறு அரை வாளி இருக்கும். துரு, சுண்ணாம்பு, வார்ப்பட மணல் எல்லாம் சேர்ந்த சேறு. பக்கவாட்டுத் தகர மூடிகளைத் தட்டி எடுத்து, தோட்டக் குழாயைச் சொருகித் தண்ணீர் தெளிந்து வரும் வரை கழுவினேன். இப்போது பித்தளையில் செய்த குழாய் விற்கிறார்கள். எனக்குக் கிடைத்தது பென்சில்வேனியாவில், ஹெர்ஷி என்ற ஊரில். பழைய கார் சங்கம் ஒவ்வோர் அக்டோபரிலும் அங்கே கூடுகிறது. 1955-இலிருந்து நடக்கும் சந்தை. மைதானம் மைதானமாகப் பழைய உறுப்புகளைப் பரப்பி வைத்திருப்பார்கள். வேண்டியதைச் சீட்டில் எழுதிக்கொண்டு இரண்டு நாள் நடந்தேன். அந்தக் குழாயோடு, ஒரு டிக்கிக் கைப்பிடியும், முன்விளக்கு வளையம் இரண்டும் கிடைத்தன.

பிரேக்கைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகப் பேச அனுமதியுங்கள். இதில் அலட்சியம் செய்தால் ஆள் போய்விடுவான். இந்த வண்டியில் பிரேக் ஆயிலுக்கு ஒரே ஒரு மாஸ்டர் சிலிண்டர். அதுவும் கால் வைக்கும் தரைக்கு அடியில். எங்காவது ஒரு குழாய் வெடித்தால் நான்கு சக்கரத்துக்கும் பிரேக் போயிற்று. இரண்டு தனி வழியாகப் பிரிக்கும் முறை அமெரிக்காவில் கட்டாயமானது 1960-களின் கடைசியில். ஆகையால் பழைய பிரேக் குழாய்களில் ஓர் அங்குலம்கூட விட்டுவைக்கவில்லை. இரும்புக் குழாய், ரப்பர் ஹோஸ், சக்கரத்தில் இருக்கும் ஆறு சிலிண்டர் அத்தனையும் மாற்றினேன். ஆறு என்றது தவறில்லை: முன் சக்கரம் ஒவ்வொன்றுக்கும் இரண்டு.

பின் சக்கர டிரம்மைக் கழற்றுவது தனிக் கதை. ஆக்சில் நுனி கூம்பாகக் கடைந்திருக்கும். அதில் டிரம் இறுகி உட்கார்ந்திருக்கும். ஐம்பது வருடத்தில் இரண்டும் ஒன்றாகிவிடும். சாதாரணப் புல்லர் வளைந்துபோகும். இதற்கென்றே கனமான புல்லர் இருக்கிறது. அதை மாட்டுமுன் நட்டை முழுக்கக் கழற்றிவிடக் கூடாது. இரண்டு மரை தளர்த்தி அப்படியே விட வேண்டும். ஏனென்று அன்று இரவு தெரிந்தது. சாயங்காலம் புல்லரை முறுக்கி, சுத்தியலால் நான்கு அடி போட்டேன், அசையவில்லை. அப்படியே இறுக்கத்தில் விட்டுவிட்டுச் சாப்பிடப் போனேன். பத்தரை மணிக்குக் கராஜில் வேட்டுப் போட்டது போலச் சத்தம். என் மனைவி மாடியிலிருந்து ஓடி வந்தார். டிரம் தெறித்து அந்த நட்டில் முட்டி நின்றிருந்தது. நட்டு இல்லாமல் இருந்து, நான் எதிரே குந்தி உட்கார்ந்திருந்தால் அந்த இரும்பு என் நெஞ்சில் வந்திருக்கும். இந்த வேலைக்கு வருகிற இளைஞர் யாராக இருந்தாலும் நான் முதலில் சொல்வது அந்த நட்டைப் பற்றித்தான். இரண்டாவதாகச் சொல்வது, இடது பக்கச் சக்கர போல்ட்டுகள் இடது மரை என்பது. தெரியாமல் வழக்கமான பக்கம் திருகிப் போல்ட்டை முறித்தவர்கள் ஏராளம்.

மின்சாரம் ஆறு வோல்ட், அதுவும் பாசிட்டிவ் எர்த். ஆறு வோல்ட்டில் செல்ஃப் மோட்டார் சோம்பலாகச் சுற்றும், பன்னிரண்டு வோல்ட்டுக்கு மாற்றிவிடு என்று எல்லோரும் யோசனை சொல்வார்கள். எனக்கும் வண்டி சூடாகி நின்றால் மறுபடி கிளம்பாது. காரணம் எளியது. வோல்ட் பாதி என்றால் அதே வேலைக்கு மின்னோட்டம் இரண்டு மடங்கு. அதைத் தாங்கச் சுண்டுவிரல் தடிமனுக்குத் தாமிரக் கம்பி வேண்டும். முதலில் ஓர் உதிரி பாகக் கடையில் கொடுத்தது இன்றைய வண்டிகளுக்குரிய மெல்லிய கேபிள். தடித்த கேபிளைப் போட்டு, எர்த்தை எஞ்சினிலேயே பெயிண்டைச் சுரண்டி நேராக முறுக்கியதும் வண்டி பட்டென்று எடுத்தது. எழுபது வருடத்துக்கு முன்னால் இதை வரைந்த பொறியாளர் தப்பாக வரையவில்லை. அவர் சொன்ன கம்பியை நாம்தான் போடவில்லை. இந்த வண்டியில் நான் கண்ட கோளாறுகளில் முக்கால்வாசி இப்படித்தான்.

நம் ஊருக்கும் இந்த வண்டிக்கும் நிஜமான தொடர்பு உண்டு. 1940-களின் பிற்பகுதியில் வால்சந்த் ஹீராசந்தின் பிரீமியர் கம்பெனி பம்பாயில் கிரைஸ்லர் வண்டிகளைக் கூட்டி விற்றது. டாட்ஜ் கிங்ஸ்வே என்று நம்மூர்ச் சாலையில் ஓடியது, பெயர்ப்பலகை மாற்றிய பிளிமத்தான். எங்கள் ஊரில் பிளஷர் கார் என்றால் அந்த உருவம்தான் கண்ணில் நிற்கும். கல்யாணத்துக்கு மாப்பிள்ளை அழைப்புக்கு வரும். பின்னால் பெட்ரோல் விலை ஏறியதும் அந்த நல்ல ஆறு சிலிண்டர் எஞ்சினைக் கழற்றி எடைக்குப் போட்டுவிட்டு, டீசல் எஞ்சின் பொருத்தி டாக்ஸியாக ஓட்டினார்கள். வயிற்றுப்பாடு; அதைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. ஆனால் இங்கே வசதியுள்ளவர்கள் நன்றாக ஓடுகிற ஆறு சிலிண்டரைத் தூக்கிப் போட்டுவிட்டு, பெரிய வி-8 எஞ்சினும் ஏசியும் வைத்து, உருவத்தை மட்டும் பழையதாக வைத்துக்கொள்வதைப் பார்க்கும்போது எனக்கு மனம் ஒப்புவதில்லை. கெட்டுப்போன எஞ்சின் என்றால் சரி. நன்றாக இருப்பதை ஏன் அகற்ற வேண்டும்?

இவ்வளவு மாற்றியவன், கண்ணில் படும் பக்கத்தில் செய்தது மிகக் குறைவு. கூரைத் துணி எலி கடித்து நாறியது, அதை மாற்றினேன். வயர் எல்லாம் நூல் சுற்றிய பழைய வகை. உள்ளிருந்த ரப்பர் விரல் பட்டால் பொடியாக உதிர்ந்தது. தீப்பிடிக்கும், அதை மாற்றினேன். சீட்டின் கம்பளித் துணியைத் தூசி தட்டி, பிரிந்த தையலைக் கையால் தைத்தேன். பெயிண்டை மெழுகு போட்டுத் தேய்த்ததோடு நிறுத்திவிட்டேன். குரோமியத்தில் புள்ளி இருக்கிறது, இருக்கட்டும். பின் சீட்டைத் தூக்கியபோது ஒரு கொண்டை ஊசி, மூன்று கோலிக்குண்டு, 1958-ஆம் ஆண்டின் ஒரு சென்ட் காசு கிடைத்தன. துடைத்து, வைத்த இடத்திலேயே வைத்துவிட்டேன்.

செலவைக் கேட்பீர்கள். வாங்கிய விலை போக 13,000 டாலர் ஆகியிருக்கிறது, என் உழைப்பைச் சேர்க்காமல். இன்று விற்றால் அந்தப் பணம் திரும்பாது. பெயிண்டும் குரோமியமும் சேர்த்திருந்தால் இன்னொரு மடங்கு ஆகியிருக்கும், அதுவும் திரும்பாது. முதலீடு என்று நினைத்து யாரும் நான்கு கதவு வண்டியைத் தொட வேண்டாம். வாரம் ஒரு மாலை, ஒரு விளக்கு வெளிச்சம், கையில் ஆறாத சின்னக் காயங்கள், இவற்றில் மகிழ்ச்சி காண்கிறவர் வாங்கலாம்.

நம் மாநிலத்தில் வரலாற்று வண்டிக்கான நம்பர் பிளேட் போட்டால் கண்காட்சி, ஊர்வலம், சங்க நிகழ்ச்சி மாதிரியான காரியங்களுக்குத்தான் ஓட்டலாம். ஆகஸ்ட் மாதம் மட்டும் விலக்கு. காய்கறி வாங்கக்கூட எடுத்துப் போகலாம். போன சனிக்கிழமை அப்படித்தான் போனேன். கடை வாசலில் ஓர் அம்மையார் டிரைவர் பக்கக் கதவின் மேல் விளிம்பைத் தடவிப் பார்த்தார். அங்கே ஓர் உள்ளங்கை அகலத்துக்குப் பச்சை நிறம் தேய்ந்து, அடிப்பூச்சும் தேய்ந்து, தகடு தெரியும். இருபது வருடம் ஒருவர் ஜன்னலை இறக்கிவிட்டு இடது முழங்கையை அதில் வைத்து ஓட்டியிருக்கிறார். பெயிண்ட் கடைக்காரர் ஒரு மணி நேரத்தில் மூடித் தருவதாகச் சொன்ன இடம் அது. நான் வேண்டாம் என்றுவிட்டேன். ஓட்டும்போது என் முழங்கையும் அங்கேதான் போய் உட்காருகிறது.

வண்டி வெளியே, வடக்கு வாசலில், விளக்குக் கம்பத்துக்கு அடியில் நிற்கிறது. ஆறு பேர் தாராளமாக உட்காரலாம். ஓட்டிப் பார்க்க விரும்புகிறவர்களுக்குச் சாவி தருகிறேன். ஸ்டியரிங் கம்பத்தில் மூன்று கியர். முதல் கியருக்கு சிங்க்ரோ கிடையாது. வண்டி முழுக்க நின்ற பிறகு போடுங்கள். பிரேக்கை நான் இன்று காலையிலும் பார்த்துவிட்டேன்.